ஈயை ஏமாற்றும் முழ நீளப் பூ

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நடாலில் தொடங்கி மொசாம்பிக், ஜிம்பாப்வே எனத் தான்சானியா வரை வறண்ட, பாறை நிலங்களில் வளர்கிறது ஸ்டபீலியா ஜைஜாண்டியா. லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவைச் சேர்ந்த என். இ. பிரவுன் 1877இல் இதற்குப் பெயர் வைத்தார். நாலு பட்டையாக, மெல்லிய பூனைமுடி படர்ந்த பச்சைத் தண்டுகள் ஒரு சாண் உயரம்தான் வளரும். இலை என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. ஆனால் அதன் ஒற்றைப் பூ 40 சென்டிமீட்டர் வரை, ஏறக்குறைய ஒரு முழ அகலத்துக்கு, விரியும்.

பார்த்தால் சப்பாத்திக்கள்ளிக்குச் சொந்தம் போலத் தோன்றும். உண்மையில் இது எருக்கின் குடும்பம். நம் பக்கத்து வறண்ட காடுகளில் ஒடித்துத் தின்னும் கள்ளிமுளையான் இதற்கு இன்னும் நெருங்கிய உறவு.

உப்பிய மொட்டு ஐந்து முனைகளாகப் பிரிந்து தரையோடு தரையாக விரிகிறது. மங்கிய மஞ்சள் பரப்பில் குறுக்கே நெளிநெளியாகச் சிவப்புக் கோடுகள்; ஓரமெல்லாம் வெள்ளை முடி. கிட்டப் போனால் அழுகிய இறைச்சியின் நாற்றம். டைமெத்தில் டைசல்ஃபைடு போன்ற கந்தகச் சேர்மங்கள்தான் காரணம். செத்த விலங்கின் உடலிலிருந்து கிளம்புவதும் இவையே. பெரிய பூவைப் பெரிய பிணமென்று ஈ நம்புகிறது, அதனால்தான் பூ இவ்வளவு பெரிதானது என்பது தாவரவியலாளர்கள் முன்வைக்கும் ஒரு கருத்து. எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது.

ஈ முழுசாகவே ஏமாறுகிறது. பூவின் நடுவில் முட்டையிட்டும் விடுகிறது. பொரித்து வரும் புழுக்களுக்குத் தின்ன அங்கே இறைச்சி இல்லை, பட்டினியில் செத்துப்போகின்றன. பரிதாபம்தான்.

எல்லாரும் பூவின் அளவைப் பார்த்து வியக்கிறார்கள். என்னைக் கட்டிப்போடுவது அதன் நடுவிலிருக்கும் சின்னஞ்சிறு அமைப்பு. மகரந்தம் இங்கே தூளாக உதிர்வதில்லை. மெழுகுபோல் இறுகிய பொதிகளாக இருக்கிறது. இரண்டிரண்டு பொதிகளை ஒரு நுண்ணிய பழுப்புக் கவ்வி இணைக்கிறது. மொத்தம் ஐந்து கவ்விகள். ஒவ்வொன்றின் கீழும் குறுகலான ஒரு பிளவு. துழாவும் ஈயின் வாய்க்குழல் அந்தப் பிளவுக்குள் நுழைந்துவிடுகிறது. அப்புறம் அதை மேலே இழுக்கும்போது பிளவின் விளிம்புகளே நேராகக் கவ்விக்குக் கொண்டுபோய் விடுகின்றன. கவ்வி இறுகப் பிடித்துக்கொள்ள, ஈ முட்டிமோதி விடுபட்டுப் பறக்கிறது, வாயில் இரண்டு மஞ்சள் பொதிகளோடு. அடுத்த பூவிலும் அதே ஏமாற்று. இந்த முறை ஒரு பொதி பிளவுக்குள் சிக்கி, முறிந்து, அங்கேயே தங்கிவிடுகிறது. ஒரு காய்க்குத் தேவையான மகரந்தம் மொத்தமாக வந்து சேர்ந்தாயிற்று. ஈயின் ஒரு தடுமாற்றம் போதும். பின்னர் கொம்புபோன்ற இரட்டைக் காய்கள் வெடித்து, பஞ்சு முளைத்த விதைகள் காற்றில் பரவும்.

இந்தப் பொறியைக் காண ஆப்பிரிக்கா போக வேண்டியதில்லை. எருக்கம்பூவிலும் இது உண்டு. அங்கே ஏமாற்று இல்லை, தேனுக்கு வரும் தச்சுத்தேனீ பொதியைச் சுமக்கிறது. பூவின் நடுக் கிரீடத்தின் உச்சியில் ஐங்கோணத் தட்டு இருக்கும். அதன் மூலையிலுள்ள கரும்புள்ளியை ஊசிமுனையால் மெல்ல நெம்பித் தூக்குங்கள், இரண்டு மஞ்சள் பொதிகள் தொங்கிக்கொண்டு வரும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து, கையைக் கழுவிவிடுங்கள்.