‘நீங்க ரொம்ப ஸ்ட்ராங்’ என்று பாராட்டுவதற்கு முன்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவில் மனநல ஆலோசகராக வேலை செய்கிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிக்கு மேல் கறுப்பினப் பெண்கள். நர்ஸ், வங்கி ஊழியர், டீச்சர், ஐ.டி. என்று எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். தூக்கம் வரவில்லை, தலைவலி, பிரஷர் ஏறிவிட்டது என்றுதான் பேச்சு தொடங்கும். ஆபீஸ் விஷயம் வெளியே வர மூன்று நான்கு சந்திப்பு ஆகும்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன் (ஆள் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). கணக்குப் பிரிவில் வேலை. அந்தக் குழுவில் கறுப்பினத்தவர் அவர் ஒருவர்தான். புதிதாகச் சேர்பவருக்குத் தொழில் சொல்லிக்கொடுப்பது, இனப் பாகுபாடு பற்றிய கமிட்டியில் உட்காருவது, யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக் வாங்குவது, எல்லாம் அவர் தலையில். இதற்கெல்லாம் தனிச் சம்பளம் கிடையாது. ஒரு மாதம் “இந்த முறை என்னால் முடியாது” என்றார். குரலைக்கூட உயர்த்தவில்லை. வருட மதிப்பீட்டில் ‘பேச்சில் கடுமை’ என்று வந்தது. அதே வேலையை மறுத்த வெள்ளைக்காரத் தோழியை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

‘முடியாது என்று சொல்லப் பழகுங்கள்’ என்று எல்லாரும் அறிவுரை எழுதுகிறோம். அந்தச் சொல்லுக்கு ஆளுக்கு ஒரு விலை இருக்கிறது என்பதை எழுதுவதில்லை. ‘கோபக்காரக் கறுப்பினப் பெண்’ என்ற முத்திரை அமெரிக்காவில் பல தலைமுறைப் பழசு. அது தன் மேல் விழுந்துவிடக் கூடாது என்பதற்காகவே குரல், முகபாவம், முடி எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொண்டு ஆபீசுக்குள் நுழைகிறார்கள். அதுவே ஒரு தனி வேலை.

முடி என்பதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 2010-இல் அலபாமாவின் மொபீல் நகரில் ஒரு பெண் தன் சடைமுடியை வெட்ட மறுத்ததால் கைக்கு வந்த வேலை போனது. 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நிறுவனத்தின் பக்கமே நின்றது. சிகை அலங்காரம் மாற்றிக்கொள்ளக் கூடியது, இனத்தில் சேராது என்பது வாதம். இயற்கையான முடிக்குச் சட்டப் பாதுகாப்பு தந்த முதல் மாநிலம் கலிபோர்னியா, அதுவும் 2019-இல்தான்.

அப்புறம் உடம்பு. ஆர்லீன் ஜெரோனிமஸ் என்ற பொதுச் சுகாதார ஆய்வாளர் 1992-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். வெயிலிலும் மழையிலும் கிடக்கும் மரம் போல, ஓயாத பாகுபாடு கறுப்பினப் பெண்களின் உடம்பை வயதுக்கு முன்பே தேய்க்கிறது என்றார். என் அறையில் அதைத்தான் பார்க்கிறேன். இந்த நிலையில் இருப்பவரிடம் போய் ‘நீங்க ரொம்ப ஸ்ட்ராங்’ என்று சொன்னால், ‘இன்னும் கொஞ்சம் சுமக்கலாம்’ என்றுதான் அவர் காதில் விழும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலும் நாற்பது பேருக்குச் சமைப்பது பெரும்பாலும் இவரேதான்.

சரி, என்னதான் செய்வது? வாசனை மெழுகுவர்த்தியும் ஸ்பாவும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நான் முதலில் கேட்பது ஒரு நோட்டு. யார், எந்தத் தேதியில், என்ன சொன்னார் என்று அன்றன்றே எழுதி வையுங்கள், ஆபீஸ் கம்ப்யூட்டரில் வேண்டாம் என்பேன். பாகுபாடு பற்றி அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையத்திடம் புகார் கொடுக்க ஜார்ஜியாவில் 180 நாள்தான் அவகாசம். மனசு தேறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தால் கெடு தாண்டிவிடும்.

வாய்மொழியாக வரும் கூடுதல் வேலைக்கு மின்னஞ்சலில் பதில் கேள்வி போடச் சொல்வேன்: “இந்த வாரம் என் கையில் மூன்று வேலை இருக்கிறது. இதைச் செய்ய எதைத் தள்ளிவைக்கலாம்?” மறுப்பைக் கேள்வியாக மாற்றுவது எனக்கே பிடிக்காது. அவர் ஏன் பூசி மெழுக வேண்டும்? ஆனால் வீட்டு வாடகை கட்ட வேண்டியவர் அவர், நான் இல்லை.

1993-இன் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டத்தையும் பலர் பயன்படுத்துவதில்லை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஒரு வருடமும் 1,250 மணி நேரமும் வேலை பார்த்தவருக்குத் தீவிர உடல்நலக் காரணங்களுக்காக 12 வாரம் விடுப்பு உண்டு. சம்பளம் இல்லை, ஆனால் வேலை போகாது. மருத்துவச் சான்று இருந்தால் சிகிச்சைக்காக மணிக்கணக்கிலும் பிரித்து எடுக்கலாம்.

இதே அட்லாண்டாவில் 1881-இல் துணி வெளுக்கும் கறுப்பினப் பெண்கள் இருபது பேர் சங்கம் சேர்ந்தார்கள். ஒரு டஜன் பவுண்டு துணிக்கு ஒரு டாலர், குறைந்தால் வெளுக்க மாட்டோம் என்றார்கள். மூன்றே வாரத்தில் மூவாயிரம் பேர் ஆனார்கள். 25 டாலர் உரிமக் கட்டணம் போடுவோம் என்று நகராட்சி மிரட்டியது. கட்டுகிறோம், எங்கள் தொழில் எங்கள் கையில் இருந்தால் சரி என்று மேயருக்கே கடிதம் எழுதினார்கள். தனி ஆளாக ‘முடியாது’ என்றால் ‘பேச்சில் கடுமை’ என்று எழுதிவிடலாம், மூவாயிரம் பேருக்கு அப்படி எழுத முடியாது. அதனால்தான் ஆபீசில் துணைக்கு ஒருவரையாவது தேடுங்கள் என்கிறேன்.

இங்கே தமிழ் மேனேஜர்களும் நிறைய இருக்கிறார்கள். உங்கள் குழுவில் சம்பளமில்லாத வேலைகள் யார் தலையில் விழுகின்றன என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அப்படியே அவருடைய முடியைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்பதையும் விட்டுவிடுங்கள்.

கணக்குப் பிரிவுப் பெண்ணின் மதிப்பீடு இன்னும் திருத்தப்படவில்லை, மேல்முறையீட்டில் இருக்கிறது. பிரஷர் மாத்திரையும் தொடர்கிறது. ஆனால் டிசம்பரில் மேனேஜரின் பிறந்தநாளுக்கு அவர் கேக் வாங்கவில்லை. மதியம் ஒருவர் அவர் மேசைக்கு வந்து “இந்த முறை கேக் எங்கே?” என்று கேட்டாராம். “எனக்கும் தெரியலையே” என்று சொல்லிவிட்டு எக்செல் பக்கம் திரும்பிக்கொண்டாராம்.