சொந்த ரத்தமாயிற்றே என்று அவசரப்பட்டு ஏற்றிவிடாதீர்கள்

தண்டையார்பேட்டையிலோ காசிமேட்டிலோ ஒரு பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தால், அன்றைக்கே அண்ணன், சித்தப்பா, மாமா என்று பத்துப் பேர் ரத்தம் கொடுக்க வந்து நிற்பார்கள். பெரிய மனசுதான். ஆனால் ரத்தத்தை உருவாக்கும் மூலச் செல்களை இன்னொருவரிடமிருந்து பெற்று ஏற்றும் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை தேவைப்படலாம் என்றால், அந்த ரத்தம் அந்தப் பிள்ளைக்கு ஏறக் கூடாது. ரத்த வங்கியில் அதைச் சொல்லிவிட்டே கொடுங்கள். வேறு நோயாளிக்குப் போகட்டும்.

காரணம் எச்.எல்.ஏ. மரபணுக்கள். 6ஆம் குரோமோசோமில் இருக்கும் இவை, எது நம் செல், எது அந்நியம் என்று உடலுக்கு அடையாளம் காட்டுபவை. அப்பாவிடமிருந்து ஒரு தொகுப்பு, அம்மாவிடமிருந்து ஒன்று. உறவினர் ரத்தம் ஏறினால் குடும்பத்தாரின் எச்.எல்.ஏ. புரதங்களுக்கு எதிராக நோயாளியின் உடல் முன்கூட்டியே தயாராகிவிடலாம். பிறகு அதே குடும்பத்தாரின் ஸ்டெம் செல்லை நிராகரிக்கலாம். இன்னொரு ஆபத்து, உறவினரின் வெள்ளணுக்களை அந்நியமென உணராமல் உடல் விட்டுவிடுவது. அவை பெருகித் தோல், ஈரல், குடல், எலும்பு மஜ்ஜையைத் தாக்கினால் பிழைப்பது அரிது. கதிர்வீச்சு செய்த ரத்தம் கேட்பது இதைத் தடுக்கத்தான்.

உடன்பிறந்தவரின் எச்.எல்.ஏ. முழுதாகப் பொருந்த 4இல் 1 வாய்ப்பு. ரத்தப் பிரிவு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டிய குடும்பங்களில் பெற்றோர் இருவரிடமும் ஒரே தொகுப்பு இருக்கக்கூடும்; அப்போது அப்பாவோ அம்மாவோ மாமாவோகூட முழுதாகப் பொருந்தலாம். யார் யாரைக் கட்டியவர் என்று வம்சப் படம் வரைந்து மருத்துவரிடம் காட்டுங்கள். கூச்சப்பட வேண்டிய விஷயமே இல்லை.

எச்.எல்.ஏ. பொருத்தம் பார்க்கும் பரிசோதனைக்கான ரத்தம் ஊதா மூடிக் குழாயில் போக வேண்டும். பச்சை மூடிக் குழாயிலுள்ள ஹெப்பாரின் என்ற உறையாமல் தடுக்கும் மருந்து, டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் பி.சி.ஆர். சோதனையைக் கெடுக்கும். கீமோவுக்குப் பின் வெள்ளணு குறைந்து டி.என்.ஏ. போதாமல் போகும், ஆகவே முன்பே எடுத்துவிடுவது நல்லது. தவறிவிட்டால் கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுக்கலாம்.

இரண்டு தொகுப்பில் ஒன்று மட்டும் பொருந்தும் பாதிப் பொருத்தத்திலும் இன்று சிகிச்சை நடக்கிறது. செல் ஏற்றிய 3, 4ஆம் நாட்களில் சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்தைக் கொடுத்து, நோயாளியின் உடலைத் தாக்கும் கொடையாளியின் செல்களை அடக்குகிறார்கள். மகனிடமிருந்து தாய் பெறுவதாக இருந்தால், கர்ப்பத்தின்போது அவர் உடலில் மகனின் எச்.எல்.ஏ.வுக்கு எதிர்ப்பொருள் உருவாகியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இருந்தால் செல் ஒட்டாமல் போகலாம்.

வெளியாரின் கொடைக்குப் பதிவகங்கள் உண்டு. சென்னையிலேயே தாத்ரி இயங்குகிறது. பதிந்தவர்கள் மனம் மாறினால் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். கடைசி நேரத்தில் பின்வாங்கினால், கடும் கீமோவில் மஜ்ஜை அழிந்து காத்திருக்கும் நோயாளிக்குத் திரும்பிப் போக வழியில்லை.