பழைய பிளக்கைத் தூக்கிப் போடாதீங்க!

"புது பிளக் போட்டு பதினஞ்சு நாள்கூட ஆகலைண்ணா, மறுபடியும் மிஸ்ஸிங் அடிக்குது."

பாலக்கோடு மண்டிக்குத் தக்காளி ஏற்றும் தம்பி ஒருவர், காலை ஆறரைக்கே ஷெட் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னார். நாலு சிலிண்டர், பெட்ரோலிலும் கேஸிலும் ஓடும் பிக்கப். காலி வண்டியில் ஒன்றும் தெரியாதாம். லோடு ஏற்றிக்கொண்டு மேட்டில் மிதித்தால் மட்டும், ஏதோ ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டுப்போவது போல வெட்டி வெட்டி இழுக்குமாம்.

"கழட்டின பழைய பிளக் எங்கப்பா?"

"மாத்தினவரே தூக்கிப் போட்டுட்டாருண்ணா."

எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். சிலிண்டருக்குள் தீப்பொறி விட்டு எரிபொருளைப் பற்றவைப்பது இந்த ஸ்பார்க் பிளக்தான். உள்ளே என்ன நடந்தது என்று அதன் முனையே சொல்லும். அதைப் பார்க்காமல் குப்பையில் போட்டுவிட்டுப் புதுசை மாட்டினால், அதுவும் அதே கதிக்குத்தான் போகும்.

டீசல் வண்டிக்காரர்கள் இதைப் படித்துவிட்டுப் பிளக் மாற்றச் சொல்லி வர வேண்டாம். நம்ம பக்கம் ஓடும் பொலேரோ, தோஸ்த் பெரும்பாலும் டீசல். அதில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. ஸ்டார்ட் ஆவதற்கு உதவும் ஹீட்டர் பிளக் வேறு சமாச்சாரம். ஏஸ் கோல்டு பெட்ரோலில் இரண்டு, சூப்பர் கேரியில் நான்கு என்று பெட்ரோல், சிஎன்ஜி வண்டிகளில்தான் ஸ்பார்க் பிளக் இருக்கும்.

தம்பியின் வண்டியை ஒரு மணி நேரம் ஆற விட்டேன். டீ குடித்துவிட்டு வாங்க என்று நான் சொல்வது நேரத்தைக் கடத்த அல்ல. பிளக் திருகி நிற்கும் ஹெட், அதாவது சிலிண்டர்களின் மேல்மூடி, அலுமினியம். சூட்டோடு பிளக்கைத் திருகினால் மரையும் சேர்ந்து வந்துவிடும். தொழில் பழகிய காலத்தில் நானே அப்படி ஒரு ஹெட்டைக் கெடுத்து, ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருளைக் கெட்ட மரைக்குள் போட்டுச் சரிசெய்து, ஒரு மாதச் சம்பளத்தை இழந்திருக்கிறேன். ஆறியதும், இன்ஜின் அடியில் இருப்பதால் சீட்டைத் தூக்கி, பிளக் குழிகளில் கம்ப்ரஸர் காற்று அடித்தேன். செம்மண் புழுதி அப்படியே எழும்பியது. காற்று அடிக்காமல் கழற்றியிருந்தால் அவ்வளவும் சிலிண்டருக்குள் விழுந்திருக்கும்.

நான்கையும் கழற்றி, ஒரு முட்டை அட்டையில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசையாக நிறுத்தினேன். எந்தப் பிளக் எந்தச் சிலிண்டரிலிருந்து வந்தது என்பது தெரியாவிட்டால் பார்த்துப் பயனில்லை. மூன்று பிளக்குகளின் முனை வெளிர் பழுப்பு. நன்றாக எரிகிறது என்று அர்த்தம். இரண்டாம் நம்பரின் வெள்ளைப் பீங்கானில் மட்டும் மேலிருந்து கீழாகப் பென்சிலால் இழுத்தது போல மெல்லிய கறுப்புக் கோடு. அதன் தலையை மூடும் ரப்பர் பூட்டைப் புரட்டினால் உள்ளேயும் அதே கோடு.

தீப்பொறி முனையில் தாண்டாமல், பீங்கானின் வெளிப்பக்கமாகவே ஓடி மெட்டலில் இறங்கியிருக்கிறது. விசாரித்ததில், ஒரு மாதத்துக்கு முன் சீட்டைத் தூக்கிவைத்து இன்ஜின்மேல் வாட்டர் வாஷ் அடித்திருக்கிறார்கள். பூட்டுக்குள் ஈரம் இறங்கியதில் பொறி வெளியே வழி கண்டுபிடித்துவிட்டது. அந்தத் தடம் பதிந்த பூட்டிலேயே புதுப் பிளக்கை மாட்டினால் எத்தனை நாள் தாங்கும்?

காலி வண்டியில் ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். லோடோடு மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் அதே இடைவெளியைத் தாண்டப் பொறிக்கு அதிக வோல்டேஜ் வேண்டும். கேஸில் ஓடும்போது இன்னும் கூடுதலாக வேண்டும். அப்போதுதான் பொறி முனையை விட்டுவிட்டு, சுலபமான வெளிப்பக்கத் தடத்தில் ஓடிவிடும். சேலத்திலிருந்து சரக்கோடு திரும்பும் வண்டி தொப்பூர் ஏற்றத்தில் திணறுவதும், அதே வண்டி காலியாகப் பைபாஸில் பறப்பதும் இதனால்தான்.

வேறு சில முகங்களும் உண்டு. முனை உலர்ந்த கரியாக இருந்தால் முதலில் ஏர் ஃபில்டரைத் தட்டிப் பாருங்கள். மாங்காய் சீசனில் கூழ் ஃபேக்டரி வாசலில் இன்ஜினை அணைக்காமல் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும் வண்டிகளிலும் கரி சேரும். எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தால், பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்து ஆயில் உள்ளே இறங்குகிறது. பிளக் மாற்றித் தீராது. வெளுத்துக் கொப்புளம் கண்டிருந்தால் சூடு மிஞ்சியிருக்கிறது. அந்த வண்டியை அப்படியே ஓட்டாதீர்கள்.

கடையில் "இது இல்லை, அது இருக்கு, மரை ஒண்ணுதான்" என்று தருவார்கள். ஏமாறக் கூடாது. பிளக் எவ்வளவு வேகமாகச் சூட்டை வெளியேற்றும் என்று சொல்வது ஹீட் ரேஞ்ச் எண். என்ஜிகே, டென்ஸோ கம்பெனிப் பிளக்குகளில் அந்த எண் கூடக்கூட அது சூட்டைச் சீக்கிரம் விடும் குளிர்ச்சியான பிளக். போஷில் எண் கூடினால் சூடான பிளக். ஒன்றின் எண்ணை வைத்து மற்றதை வாங்கினால் நேர் எதிராகப் போய்விடும். வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கும் நம்பரையே கேளுங்கள். பொறி தாண்டும் இடைவெளியான கேப்பும் அதில் சொன்னபடிதான், ஃபீலர் கேஜ் என்ற அளவுத் தகட்டை வைத்து. இரிடியம் பிளக்கை உப்புத்தாளால் தேய்க்கும் மகராசர்கள் இன்னும் இருக்கிறார்கள். முடி போன்ற முனை அது, தேய்த்தால் போச்சு.

மாட்டும்போது முதல் சுற்றுகள் கையால்தான். விரலுக்கு வராமல் பிடித்தால் மரை குறுக்கே ஏறுகிறது, திரும்பக் கழற்றிவிடுங்கள். வாஷர் உள்ள புதுப் பிளக் கையால் உட்கார்ந்த பிறகு அரைச் சுற்று, மிஞ்சினால் முக்காலுக்குள். முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் புத்தகத்தில் உள்ள அளவு.

"ஓட்டிக்கிட்டே பாத்துக்கலாம்" என்பவர்களுக்கு ஒன்று: மிஸ்ஸிங் ஆகும் சிலிண்டரிலிருந்து எரியாத பெட்ரோல் சைலன்ஸர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரிந்து அதை உருக்கிவிடும். செக் இன்ஜின் லைட் விட்டுவிட்டு மின்னுவது அதற்கான அலறல். பிளக் விலை நூறுகளில், கன்வெர்ட்டர் பல ஆயிரங்களில்.

தம்பிக்கு ஒரு பூட், ஒரு பிளக். அதோடு சரி. போன வாரம் அவரே சீட்டைத் தூக்கிக் கழற்றி, முட்டை அட்டையோடு வாட்ஸப்பில் போட்டோ அனுப்பியிருந்தார். பீங்கான் மெட்டலைத் தொடும் இடத்தில் வட்டமாக ஒரு பழுப்புக் கறை. "கேஸ் லீக்காண்ணா?"

லீக் இல்லை. உயர் வோல்டேஜில் சுற்றியிருக்கும் காற்றிலுள்ள எண்ணெய்த் துகள் ஒட்டுவதால் வரும் கறை அது. "சுத்தமான துணியால தொடச்சிட்டு, எந்தக் குழியோ அதுலயே போடு" என்று பதில் அனுப்பினேன்.