வெயிட்லிஸ்ட்டில் எத்தனாவது இடம் என்று கேட்காதீர்கள்

நியூ ஜெர்சியில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசகராக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அதிலும் நாடகம், மியூசிக்கல் தியேட்டர் (பாடி, ஆடி, நடிக்கும் மேடை நாடகம்), இசை, நடனம் என்று இளங்கலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் இப்போது கூடிக்கொண்டே வருகிறார்கள். மார்ச் கடைசியில் முடிவுகள் வரும். கிடைக்கவில்லை என்றால் நாலு நாள் அழுதுவிட்டு எழுந்துவிடுகிறார்கள். கிடைத்தால் கேட்கவே வேண்டாம். ரெண்டும் இல்லாமல் வெயிட்லிஸ்ட் என்று வந்தால்தான் வீடே அந்தரத்தில் தொங்குகிறது.

பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனாவது இடம்?" நம் தலைக்குள் இருப்பது ரயில் டிக்கெட். முன்னால் 14 பேர், அதில் 14 பேர் கேன்சல் செய்தால் நமக்கு பெர்த். ஆனால் கலைப் படிப்புகளில் பெரும்பாலும் அப்படி ஒரு வரிசையே கிடையாது, இருந்தாலும் வெளியே சொல்ல மாட்டார்கள்.

காரணம் எளிது. நியூயார்க்கின் புகழ்பெற்ற கலைக் கல்லூரியான ஜூலியார்டின் நடிப்புப் பிரிவில் இளங்கலை, முதுகலை இரண்டும் சேர்த்தே ஆண்டுக்குச் சுமார் 18 பேர்தான். பெயர்பெற்ற மியூசிக்கல் தியேட்டர் படிப்புகள் பலவும் 20 பேரைச் சுற்றித்தான் எடுக்கின்றன. நாலு வருஷம் ஒன்றாக மேடையேறப்போகிற ஒரு குழுவை அவர்கள் சேர்க்கிறார்கள். சொப்ரானோ, அதாவது பெண்களின் உச்சஸ்தாயிக் குரலில், பாடும் பெண்கள் ஏராளமாக வருவார்கள், டெனர், அதாவது ஆண்களின் மேல்ஸ்தாயிக் குரலில், பாடும் பையன்கள் குறைவு. எடுத்த சொப்ரானோக்கள் எல்லாரும் "வருகிறேன்" என்று சொல்லிவிட்டால் காத்திருக்கும் சொப்ரானோ எவ்வளவு நன்றாகப் பாடினாலும் இடம் இல்லை, அதே நாளில் ஒரு டெனர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டால் இன்னொரு டெனரைத்தான் கூப்பிடுவார்கள். வாத்தியக்காரர்களுக்கு இது இன்னும் பச்சையாகத் தெரியும். இந்த வருஷம் எத்தனை ஓபோ (ஒரு ஊதுகருவி) மாணவர்கள் பட்டம் வாங்கி வெளியேறுகிறார்களோ, கிட்டத்தட்ட அத்தனை பேருக்குத்தான் புதிதாக இடம். ஆக, பிள்ளை ஒரு மார்க்கில் தவறவில்லை. இன்னும் கொஞ்சம் பயிற்சி செய்திருந்தால் கிடைத்திருக்கும் என்று சொல்வதற்கு உங்களிடம் எந்த ஆதாரமும் இல்லை, தயவுசெய்து சொல்லாதீர்கள்.

இந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே களைத்துப்போயிருக்கிறார்கள் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். கோடையிலிருந்து ப்ரீஸ்க்ரீன் வீடியோக்கள், அதாவது முதல்கட்டத் தேர்வுக்குப் பதிவுசெய்து அனுப்புபவை, அதில் தேறினால் நேரடித் தேர்வுகள். ஜனவரி, பிப்ரவரியில் நியூயார்க், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ் என்று பல கல்லூரிகள் ஒரே இடத்தில் கூடி நடத்தும் ஆடிஷன்களில் அரை நிமிடப் பாட்டு, ஒன்றரை நிமிட வசனம், அவ்வளவுதான். 15 கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பது இங்கே சாதாரணம். கம்ப்யூட்டர் சயின்ஸுக்குப் போன அண்ணனை மார்க்கை வைத்து அளந்தார்கள், கலைப் படிப்புக்கு விண்ணப்பித்த தங்கையை அவள் குரலையும் உடம்பையும் முகத்தையும் வைத்து அளந்திருக்கிறார்கள். அதனால்தான் அடி வேறு இடத்தில் விழுகிறது. ஒரு அம்மா என்னிடம் வந்தது மகள் அழுகிறாள் என்பதற்காக அல்ல, குளிக்கும்போது பாடுவதை நிறுத்திவிட்டாள் என்பதற்காக. சரியான இடத்தில் கவனித்திருக்கிறார் என்று நினைத்தேன்.

சரி, என்ன செய்யலாம்?

பெரும்பாலான கல்லூரிகளுக்கு மே 1தான் பதில் சொல்லக் கடைசி நாள். அதற்குள் இடம் கிடைத்த ஒரு கல்லூரிக்கு டெபாசிட் கட்டிவிடுங்கள். ஓரிடத்தில் கட்டிவிட்டு இன்னோரிடத்தில் வெயிட்லிஸ்ட்டில் தொடர்வது முறையானதுதான், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ரெண்டு கல்லூரிகளில் டெபாசிட் கட்டி ரெண்டையும் கையில் வைத்திருப்பதுதான் தப்பு. பிறகு வெயிட்லிஸ்ட்டிலிருந்து கூப்பிட்டால் முதலில் கட்டிய பணம் பெரும்பாலும் திரும்ப வராது, அதை இப்போதே மனதில் கழித்துவிடுங்கள்.

பணம் கட்டுவது சுலபம், மனசு வைப்பதுதான் கஷ்டம். மே 1 வந்தால் பள்ளியில் எல்லாரும் தாங்கள் போகும் கல்லூரியின் ஸ்வெட்ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு வருவார்கள். ஒரு பையன் டெபாசிட் கட்டிய கல்லூரியின் சட்டையை வாங்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தான், வாங்கினால் மற்றதைக் கைவிட்ட மாதிரி ஆகிவிடுமாம். அவனை நான் வற்புறுத்தவில்லை. ஆனால் அந்தக் கல்லூரியில் எந்த ஆசிரியர் குரல் சொல்லித்தருகிறார், முதல் வருஷத்திலேயே மேடையேற விடுவார்களா, விடுதி எப்படி என்று அவனே விசாரித்து என்னிடம் வந்து சொல்லச் சொன்னேன். விருப்பம் என்பது விவரம் தெரியத் தெரியத்தான் வரும். இன்ஸ்டாகிராமில் மற்றவர்கள் போடும் "எனக்குக் கிடைத்துவிட்டது" பதிவுகளை அந்த மாதம் மட்டும் மியூட் செய்துவிடுவதில் ஒரு கோழைத்தனமும் இல்லை.

வெயிட்லிஸ்ட் கல்லூரிக்கு ஒரு கடிதம் போதும். முதலில் அவர்கள் அனுப்பிய மெயிலை முழுதாகப் படியுங்கள், எதுவும் அனுப்ப வேண்டாம் என்றிருந்தால் அனுப்பாதீர்கள். இல்லையென்றால் அரைப் பக்கம், பிள்ளையே எழுதட்டும். கிடைத்தால் கட்டாயம் வருவேன் என்பது உண்மையாக இருந்தால் மட்டும் அப்படி எழுதலாம். அப்பா போன் போட்டுப் பேசுவதால் ஒன்றும் நகராது, சங்கடம்தான் மிஞ்சும்.

அப்புறம் உறவினர்கள். "என்னம்மா, எங்கே சேரப்போற?" என்று கோவிலிலும் பிறந்தநாள் விருந்திலும் கேட்கத்தான் செய்வார்கள். டெபாசிட் கட்டிய கல்லூரியின் பெயரைச் சொன்னால் போதும் என்று வீட்டில் எல்லாரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வெயிட்லிஸ்ட் கதையைச் சொல்வதா வேண்டாமா என்பது பிள்ளையின் இஷ்டம். "அதான் அப்பவே சொன்னேன், இதெல்லாம் ஹாபியா வெச்சுக்கோன்னு" என்ற வாக்கியம் உங்கள் நாக்கு நுனியில் இருக்கும். இந்த மாதம் அதை விழுங்கிவிடுங்கள்.

தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, நண்பர்களைத் தவிர்ப்பது ரெண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள். உயிர் வாழப் பிடிக்கவில்லை என்ற தொனியில் ஒரு வார்த்தை வந்தாலும் காத்திருக்க வேண்டாம். அமெரிக்காவில் எங்கிருந்தும் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கு அழைக்கலாம், மெசேஜும் அனுப்பலாம்.

அழைப்பு வந்தால் அது பெரும்பாலும் மே மாதத்தில் வரும், சில நேரம் ஜூன், ஜூலை வரைக்கும் இழுக்கும். பதில் சொல்ல ஒன்றிரண்டு நாள்தான் தருவார்கள். உதவித்தொகை எவ்வளவு, விடுதியில் இடம் உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே பதில் சொல்லுங்கள், ஏனென்றால் வெயிட்லிஸ்ட்டிலிருந்து எடுப்பவர்களுக்குப் பல இடங்களில் பணம் மிச்சம் இருக்காது. ஜூனுக்குள் முதல் கல்லூரியோடு பிள்ளை ஒட்டிப்போய், வந்த அழைப்பை வேண்டாம் என்று சொல்வதும் நடக்கும். சொன்னால் விட்டுவிடுங்கள்.