இடது கட்டைவிரல் போடும் குட்டிக்கரணம்

பெங்களூருவில் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி நடந்த பல ஆண்டுகளில், எலஹங்காவில் விமானப்படையின் சாரங் குழு ஓட்டும் துருவ் ஹெலிகாப்டர்கள் ஒன்றையொன்று உரசுவதுபோலப் பறந்திருக்கின்றன. வாய்பிளந்து பார்த்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் அந்தத் துருவ்வால் முடியாத ஒன்றை, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆனேக்கல் தாண்டி ஒரு தரிசு நிலத்தில் நாங்கள் பறக்கவிடும் ஒரு கிலோகூட இல்லாத ரிமோட் ஹெலிகாப்டர் செய்துவிடும். தலைகீழாகக் கவிழ்ந்து, அந்தரத்தில் அப்படியே நிற்கும். (வடக்கே எலஹங்கா, ஜக்கூர், தேவனஹள்ளி என்று மூன்று விமானத் தளங்கள் இருப்பதால் அந்தப் பக்கம் நாங்கள் தலைவைத்தும் படுப்பதில்லை.)

வீட்டு ஃபேனில் இறக்கையின் சாய்வு மாறாது, ரெகுலேட்டரைத் திருப்பினால் வேகம்தான் மாறும். இந்த ஹெலிகாப்டரில் நேர்மாறு. வேகம் மாறாது, பிளேடின் சாய்வு மாறும். எங்கள் பேச்சில் அது பிட்ச். ‘450’ என்ற அளவு வகை ஹெலிகாப்டரில் ஒரு பிளேடு 325 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 2,700 சுற்று சுற்றினால் பிளேடின் நுனி மணிக்கு 360 கிலோமீட்டர் அளவில் போகிறது. பொம்மை என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன்.

பிளேடைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் மேலும் கீழும் ஒரே வளைவு. அதனால் எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஒரே அளவு விசை கிடைக்கும். பிளஸ் 11 டிகிரி என்றால் காற்றைக் கீழே தள்ளும், மைனஸ் 11 என்றால் மேலே தள்ளும். கவிழ்ந்து கிடக்கும் ஹெலிகாப்டருக்கு அதன் ‘மேல்’ தரைப்பக்கம்தானே! மைனஸ் பிட்ச் அதைத் தூக்கிப் பிடிக்கிறது.

இதற்கு ரிமோட்டில் ‘ஐடில் அப்’ என்ற சுவிட்சைப் போட வேண்டும். சாதாரண நிலையில் இடது குச்சியைக் கீழே இழுத்தால் மோட்டார் அடங்கிவிடும். ஐடில் அப்பில் மோட்டார் ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். குச்சி நடுவில் இருந்தால் பிட்ச் பூஜ்யம், மேலே போனால் பிளஸ், கீழே போனால் மைனஸ்.

சரி, குட்டிக்கரணத்துக்கு வருவோம். 15 மீட்டர் உயரத்தில் ஹெலிகாப்டரைக் கொஞ்சம் மேலேறவிட்டு, வலது குச்சியைப் பின்னால் இழுத்துப் பிடித்தால் மூக்கு எழும்பும். நொடிக்கு 240 டிகிரி வீதம் என்றால் முழுச் சுற்றுக்கு ஒன்றரை நொடி. அதற்குள் இடது கட்டைவிரலுக்கு நாலு வேலை. மூக்கு வானத்தைப் பார்க்கும்போது குச்சி நடுவுக்கு வந்திருக்க வேண்டும், கவிழ்ந்ததும் கீழே, மூக்கு தரையைப் பார்க்கும்போது மறுபடி நடு, நிமிர்ந்ததும் மேலே. செங்குத்தாக நிற்கையில் பிளஸ் பிட்ச் மிச்சமிருந்தால் விசை பக்கவாட்டில் தள்ளி, ஹெலிகாப்டர் எங்கோ ஓடிவிடும். பள்ளியில் கோசைன் வளைவு வரைந்தவர்களுக்குப் புரியும், விரல் வரைவதும் அதையேதான்.

மூக்கை எழுப்ப, பிளேடுகள் சுற்றும் வட்டத்தின் முன்பக்கம் உயர வேண்டும். ஆனால் சுழலும் பொருளை ஓரிடத்தில் தள்ளினால் விளைவு கால் சுற்று தள்ளித்தான் தெரியும். ஆகவே பிளேடு முன்னால் வருவதற்குக் கால் சுற்று முன்பே, பக்கவாட்டில் இருக்கும்போதே, அதன் பிட்ச் கூட்டப்படுகிறது. பிளேடுகளின் சாய்வை மாற்றும் ஸ்வாஷ்பிளேட் என்ற தட்டும் அதனோடு சேர்ந்த கம்பிகளும் இதைப் பார்த்துக்கொள்ளும்.

முதல் முறை நான் கவிழ்த்தது இரண்டு நொடிதான் நீடித்தது. தலைகீழாக இறங்குகிறதே என்று பதறி, பழக்கதோஷத்தில் குச்சியை மேலே தள்ளினேன். பிளஸ் பிட்ச் கிடைத்ததும் மோட்டாரின் முழுபலத்தோடு அது தரையை நோக்கிப் பாய்ந்தது. பிளேடு இரண்டும், மெயின் ஷாஃப்டும், வால் குழாயும் போயின. பக்கத்தில் நின்ற அல்சூர் அண்ணன் செடிக்குள் நட்டு தேடிக்கொண்டே, “வலது கைய மறந்துடு தம்பி. இடது கட்டைவிரல் எங்க இருக்குன்னு மட்டும் சொல்லு” என்றார். அப்புறம் ஒரு மாதம் கம்ப்யூட்டர் சிமுலேட்டரில்தான் பறந்தேன். அங்கே எத்தனை முறை உடைந்தாலும் காசு இல்லை.

போன டிசம்பரில் அதே ஹெலிகாப்டரைச் சென்னைக்கு எடுத்துப் போனேன். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருப்பதால் இங்கே காற்றின் அடர்த்தி எட்டு சதவீதம்போலக் குறைவு. இந்தக் காற்றில் நிற்கவைக்கப் பழகிய விரலை அங்கேயும் அதே இடத்தில் வைத்தேன். நிற்காமல் மெல்ல மேலேறிக்கொண்டே போனது. கவிழ்த்ததும் அதே கதைதான், இழுத்த குச்சியைக் கொஞ்சம் நடுவுக்கு விட்டதும்தான் நின்றது.