மேனேஜர் ஒன்று சொல்ல, எம்டி வேறொன்று சொல்ல

திருப்பூர், அவிநாசி, பெருமாநல்லூர் பக்கத்துப் பனியன் ஏற்றுமதி நிறுவனங்களுக்கு மனிதவள ஆலோசகராக இருக்கிறேன். என்னிடம் தனியாகப் பேச வரும் மெர்ச்சண்டைசர்கள் (ஓர் ஆர்டரை வந்ததிலிருந்து கப்பலேறும் வரை கவனிக்கும் ஊழியர்கள்) சம்பளத்தைப் பற்றிச் சொல்வதைவிட இதைத்தான் அதிகம் சொல்கிறார்கள்: "ரெண்டு பேரும் ரெண்டு சொல்றாங்க. நான் யாரு பேச்சைக் கேக்கறதுங்க?"

மெர்ச்சண்டைசிங் மேனேஜர், பையருக்கு, அதாவது சரக்கை வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்கு, போகும் ஒவ்வொரு மெயிலையும் தான் பார்த்த பிறகே அனுப்பச் சொல்வார். லேப் டிப் (சாய நிற மாதிரி) போச்சா, ட்ரிம்ஸ் கார்டு (லேபிள், பட்டன் மாதிரிகள் ஒட்டிய அட்டை) ரெடியா என்று மணிக்கொரு தடவை வாட்ஸ்அப்பில் கேட்பார். புது பையரின் சேல்ஸ்மேன் சாம்பிளுக்கு (விற்பனையாளர்கள் காட்டும் மாதிரி உடைகளுக்கு) இன்றே ஒரு தையல் லைன் வேண்டும் என்பது அவர் உத்தரவு. மதியம் எம்டி, அதாவது முதலாளி, நேராகக் கூப்பிட்டு, பழைய பையரின் சரக்கு தூத்துக்குடியில் இந்தக் கப்பலையே பிடிக்கணும், மற்றதெல்லாம் அப்புறம் என்பார். இருப்பதோ ஒரே லைன்.

மெர்ச்சண்டைசர் பையன் இருவரிடமும் "செரிங்க" என்று சொல்லிவிட்டு ராத்திரி வரை உட்கார்ந்து இரண்டையும் இழுத்துப் பார்ப்பான். சாம்பிள் தப்பான லேபிளோடு போகும். சரக்கு கப்பலைத் தவறவிட்டு விமானத்தில் ஏறினால் அந்த ஆர்டரின் லாபமே அதில் கரைந்துவிடும். பழி முழுக்க அவன் தலையில்.

ஒருவருக்கு ஒரே மேலாளர்தான் உத்தரவிட வேண்டும் என்று பிரெஞ்சுச் சுரங்கப் பொறியாளர் ஹென்றி ஃபயோல் 1916லேயே எழுதினார். முதலாளியே தினமும் தளத்தில் இறங்கி நடக்கும் நம் ஊர்க் குடும்ப நிறுவனங்களில் அது அப்படியே நடக்காது. அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: எது முதலில் என்பதை நீங்களே மனதுக்குள் முடிவு செய்யாதீர்கள். முடிவு செய்யும் அதிகாரம் உள்ளவர்கள் முன்னால் அந்த முரணை அன்றைக்கே வையுங்கள்.

முதலில் மேனேஜரிடம் போங்கள். "சார், எம்டி இப்படிச் சொன்னாருங்க. சாம்பிளை முதல்ல எடுத்தா கப்பல் தவறிரும். சரக்கை முதல்ல எடுத்தா சாம்பிள் ரெண்டு நாள் தள்ளும். நீங்களும் எம்டியும் பேசிச் சொல்லிட்டீங்கன்னா உடனே ஆரம்பிச்சிடறேனுங்க." புகாரோ சலிப்போ குரலில் வேண்டாம், விளைவை மட்டும் சொன்னால் போதும். எம்டி சொன்னது மேனேஜருக்கு வேறு வழியாகத் தெரிந்தால், தன்னை ஒதுக்கிவிட்டார்கள் என்ற பயத்தில் கண்காணிப்பு இரட்டிப்பாகும். துருவித் துருவிக் கேட்பவர்கள் பலர் கெட்டவர்கள் இல்லை. ஒரு ஷேடு மாறி மொத்த லாட்டும் திரும்பி வந்த நாளைப் பார்த்தவர்கள். முடிவு வந்ததும் இருவருக்கும் சேர்த்து நான்கு வரி மெயில் அனுப்புங்கள்.

"எம்டி சொன்னதைக் கண்டுக்காதே" என்று மேனேஜர் சொன்னால்? சாம்பிளை முதலில் எடுப்பதால் சரக்கு எந்தத் தேதிக்குத் தள்ளும் என்பதை அவருக்கே மெயிலில் எழுதிவிடுங்கள். எம்டி கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். மறைக்க ஆரம்பித்தால் நீங்கள் இருவரிடமும் மாட்டுவீர்கள்.

மணிக்கொரு விசாரிப்பைக் குறைக்க ஒரு வழி, கேட்கும் முன்பே சொல்லிவிடுவது. காலை 11 மணிக்கும் மாலை 4 மணிக்கும் ஒவ்வொரு ஆர்டரும் எங்கே நிற்கிறது என்று ஒரே வடிவில் அனுப்புங்கள். சில வாரங்களில் விசாரிப்பு குறைவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். குறையாத மேனேஜர்களும் உண்டு.

இதை அலட்சியமாக விடக்கூடாது. வேலைப்பளு அதிகமாகவும் அதன் மேல் நமக்கிருக்கும் பிடி குறைவாகவும் இருக்கும் இடத்தில்தான் மன அழுத்தம் மிகும் என்று ராபர்ட் கராசெக் 1979இல் எடுத்துக்காட்டினார். உலக சுகாதார நிறுவனமும் 2019இல், சமாளிக்கப்படாத பணி அழுத்தத்தால் வரும் உருக்குலைவை (பர்ன் அவுட்) வேலை சார்ந்த நிகழ்வாகத் தன் நோய் வகைப்பாட்டில் சேர்த்தது. தூக்கம் கெடுகிறது, போன் அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது என்றால் 14416 என்ற அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம். வீட்டுக் கடனுக்காக வேலையை விட முடியாமல் தவிப்பவர்கள் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

முதலாளிகளிடம் ஒரு வேண்டுகோள். மேனேஜரைத் தாண்டி ஒரு பையனிடம் வேலை சொன்னால், அந்த மணி நேரத்துக்குள் மேனேஜருக்கும் சொல்லிவிடுங்கள். உங்கள் இருவருக்கும் நடுவே சமரசம் பேசுவது இருபத்தைந்து வயதுப் பிள்ளையின் வேலை இல்லை. காலை புரொடக்ஷன் மீட்டிங்கில் எந்த லைன் யாருக்கு என்று நீங்களும் மேனேஜரும் முடிவெடுத்து, அவன் எதிரிலேயே அறிவியுங்கள்.