‘பகா எண்’ இருக்க ‘முதன்மை எண்’ எதற்கு?

2024 அக்டோபரில் 4,10,24,320 இலக்கங்கள் கொண்ட பிரைம் நம்பர் ஒன்று சிக்கியது. அதைப் பற்றிய தமிழ் வீடியோ ஒன்றில் ‘உலகின் மிகப்பெரிய முதன்மை எண்’ என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார்கள். கூட இருந்து பார்த்த என் மகள், “முதன்மைன்னா மெயின்தானேப்பா? எதுக்கு மெயின்?” என்றாள். அவள் பாடப் புத்தகத்தில் இருப்பது பகா எண்.

கிரேக்கர்கள் ‘புரோட்டோஸ்’ என்றார்கள், லத்தீனில் ‘பிரைமஸ்’ ஆனது. இரண்டுக்கும் ‘முதல்’ என்று பொருள். மற்ற எண்களைப் பெருக்கிப் பெற முடியாதது, அதனால் முதல். முதன்மை எண் அதன் நேர் பெயர்ப்பு. இலங்கைப் பாடநூல்களில் அதுவே வழக்கு, துணைக்கு, பெருக்கிப் பெறக்கூடிய எண்ணைக் குறிக்கச் சேர்த்தி எண் என்ற சொல்லும் உண்டு. அவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் முதன்மைச் செயலாளர், முதன்மைக் கல்வி அலுவலர் என்று கேட்டுப் பழகிய காதில் அந்தச் சொல் பதவியாகத்தான் விழும்.

பகா எண் என்பது பகாத எண், அவ்வளவுதான். பகுபதம், பகாப்பதம் என்று நன்னூல் சொற்களைப் பிரித்த அதே கத்திதான் இங்கே எண்ணைப் பிரிக்கிறது. எதிர்ச்சொல்லுக்கும் அலைய வேண்டாம்: பகு எண்.

இந்த ஜோடியின் அருமை பெரிய எண்களில்தான் தெரியும். 147573952589676412927 என்ற 21 இலக்க எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 2-இன் 67ஆம் அடுக்கில் 1 குறைவு. பகாது என்றார் பிரெஞ்சுக் கணித அறிஞர் மெர்சென், 1644இல். பகும் என்று நிறுவினார் இன்னொரு பிரெஞ்சுக்காரர் லூக்கா, 1876இல். ஆனால் எப்படிப் பகும் என்று அவருக்குத் தெரியாது. 1903இல் கோல் என்ற அமெரிக்கர் பகுத்தே காட்டினார்: 193707721 × 761838257287. பகாது, பகும், பகுத்தார்: கதை முழுவதையும் ஒரே வேர் சுமந்துவிட்டது. இதையே ‘முதன்மையற்றது என நிரூபித்தார்’ என்று எழுதினால், பாவம், யாரோ பதவி இறக்கப்பட்ட மாதிரி இருக்கிறது.

அதே வீடியோவில் பகு எண்ணுக்கு வைத்த பெயர் ‘கலப்பு எண்’. தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பையனிடம் கலப்பெண் என்றால், காம்ப்ளெக்ஸ் நம்பர் என்று எடுத்துக்கொண்டு மைனஸ் ஒன்றின் வர்க்கமூலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவான். பாடப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் போதாதா? மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் முதலில் கண்ணில் படுவதை எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறார்கள்.

சரி, என் கட்சியிலும் ஒரு ஓட்டை உண்டு. “ஒண்ணும்தான் பகாது, அது ஏன் பகா எண் இல்ல?” என்று மகள் மடக்கினாள். 1-ஐச் சேர்த்துக்கொண்டால் 6 என்பது 2×3, 1×2×3, 1×1×2×3 என்று நீண்டுகொண்டே போகும். ஓர் எண்ணைப் பகா எண்களாக ஒரே விதமாகத்தான் பிரிக்கலாம் என்ற விதி உடைந்துவிடும், அதனால் வரையறையிலேயே விலக்கிவிட்டார்கள் என்றேன். முதன்மை எண் என்றிருந்தாலும் இதையேதான் கேட்டிருப்பாள், முதல் எண்ணே ஒன்றுதானே.